காது மிஷின் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்!

சென்ற ஆண்டு ஆடித்தபசு விடுமுறைக்குச் சங்கரன்கோவில் சென்றிருந்தேன். பெரியப்பாவின் பீரோவில் எதையோ தேடியபோது சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று கைக்கு வந்தது. அதற்குள் ஒரு ஜோடி ஹியரிங் எய்ட். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முப்பது வருடங்களுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர் பெரியப்பா. "ஏன் பெரியப்பா மாட்டுறதில்ல?" என்று உரக்கக் கேட்டேன். "ஏலே, சத்தம் கேக்கத்தான் செய்யுது. பேச்சுதான் வெளங்க மாட்டேங்கு" என்றார். சென்னையில் இருக்கும் மகள் போன் செய்தால்கூட இப்போது அவர் எடுப்பதில்லை. பெரியம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

மிஷின் ரிப்பேராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மிஷினில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் எழுதப்பட்டிருந்த அமைப்புகள், அதாவது செட்டிங்ஸ்தான் அவருடைய காதுக்கு ஏற்றதாக இல்லை. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் எனக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும். புரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இப்படி மூடிக் கிடந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைக் கொண்டு நீங்களும் ஒரு நல்ல காரியம் செய்யலாம்.

மிஷினுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பழைய காது மிஷின், மைக் செட்டில் உள்ள ஆம்ப்ளிபயர் போன்றது. எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் கூட்டித் தரும். இன்று கிடைக்கும் டிஜிட்டல் ஹியரிங் எய்ட் அப்படியல்ல. அது காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதிலுள்ள மைக்ரோபோன் சத்தத்தை வாங்குகிறது. சத்தம் எண்களாக மாற்றப்படுகிறது. உள்ளே இருக்கும் சிப் அந்த எண்களைக் கணக்கிட்டு, தடித்த ஒலி, கூர்மையான ஒலி என்று பல பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது அதன் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். கடைசியில் ரிசீவர் எனப்படும் மிகச் சிறிய ஸ்பீக்கர், சத்தத்தைக் காதுக்குள் அனுப்புகிறது.

மெல்லிய சத்தத்தை நிறையக் கூட்ட வேண்டும். பலத்த சத்தத்தைக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும். இதையும் அந்தச் சிப் கவனித்துக்கொள்கிறது. ஆகவே, "எவ்வளவு கூட்ட வேண்டும்" என்ற அந்தப் பட்டியல் தவறாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த மிஷினாக இருந்தாலும் பயன் இல்லை.

சத்தம் கேட்கிறது, ஏன் புரியவில்லை?

காது பரிசோதனை செய்தால் ஆடியோகிராம் என்ற வரைபடம் தருவார்கள். இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என்று எண்கள் இருக்கும். இடப்பக்கம் இருப்பவை தவில் போன்ற தடித்த ஒலிகள். வலப்பக்கம் இருப்பவை குருவிச் சத்தம் போன்ற கூர்மையான ஒலிகள். மேலிருந்து கீழாக டெசிபல் அளவு இருக்கும். கோடு கீழே இறங்க இறங்க, கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள்.

நம் பேச்சில் ஆ, ஊ போன்ற உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. ஸ், ஷ் போன்ற ஒலிகளும், க, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமான பகுதிகளும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளன. இவை இயல்பிலேயே மெல்லியவை.

விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வைத்துள்ள எல்லையே 90 டெசிபல்தான். இத்தகைய இரைச்சல் பல வருடங்கள் தொடர்ந்தால், உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் அடிபடுவது பொதுவாக 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. தறிக்காரர்கள் பலருடைய ஆடியோகிராம் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இருப்பதற்கு இதுவே காரணம். வயதும் சேரும்போது அந்தப் பள்ளம் அகலமாகிறது.

இப்போது பெரியப்பா சொன்னதை நினைத்துப் பாருங்கள். உயிரெழுத்துகள் கேட்கின்றன, எனவே சத்தம் கேட்கிறது. மெய்யெழுத்துகள் விழுந்துவிடுகின்றன, எனவே பேச்சு விளங்கவில்லை. 'கடை' என்றாலும் 'தடை' என்றாலும் 'படை' என்றாலும் அவருக்கு ஒன்றுபோல்தான் இருக்கும்.

கிளினிக் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது?

ஹியரிங் எய்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத்தான் புரோகிராம் செய்கிறார்கள். பல ஆண்டுகளாக இதற்கு ஹை-ப்ரோ என்ற சிறிய பெட்டி பயன்பட்டு வருகிறது. முன்பு சீரியல் போர்ட்டில் இணைத்தார்கள், பிறகு யு.எஸ்.பி. வந்தது, இப்போது வயர் இல்லாமலும் இணைக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு பொருத்தும் சாப்ட்வேர் வைத்துள்ளது. இவற்றுக்குப் பொதுவான மேடையாக நோவா என்ற சாப்ட்வேர் உள்ளது. ஹியரிங் எய்ட் கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கிய டென்மார்க் நிறுவனம் இதைத் தருகிறது. அந்த நிறுவனத்தின் பெயர் ஹிம்சா. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்!

ஆடியோகிராம் எண்களை உள்ளிட்டதும் சாப்ட்வேர் ஒரு சூத்திரத்தைக் கொண்டு, எந்த ஒலியை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்கிடுகிறது. உலகெங்கும் அதிகம் பயன்படுபவை இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவின் நேஷனல் அக்கவுஸ்டிக் லேபரட்டரீஸ் உருவாக்கிய என்.ஏ.எல். வரிசை. மற்றொன்று கனடாவில் உருவான டி.எஸ்.எல். குழந்தைகளுக்கு இது அதிகம் பயன்படுகிறது. என்.ஏ.எல். வரிசையில் வந்த என்.எல்.2 சூத்திரம் வயது, ஆணா பெண்ணா, மிஷினுக்குப் புதியவரா பழகியவரா என்பதையெல்லாம் கேட்கும். பேசும் மொழி சுருதி மாறினால் பொருள் மாறும் மொழியா என்றும் கேட்கும். சீனம் அப்படிப்பட்ட மொழி, தமிழ் அப்படியல்ல.

இத்தனையையும் நிரப்பிவிட்டு 'பர்ஸ்ட் பிட்' என்ற பட்டனைக் கிளிக் செய்தால், சில நொடிகளில் மிஷினுக்குள் அமைப்புகள் எழுதப்பட்டுவிடும். ஸ்கிரீனில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று, எட்ட வேண்டிய இலக்கு. மற்றொன்று, மிஷின் தரும் சத்தம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அழகாகப் படிந்திருக்கும். "பாருங்க சார், கரெக்டா இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஸ்கிரீனில் தெரியும் கோடு உண்மையா?

அந்த இரண்டாவது கோடு உங்கள் காதில் அளந்தது அல்ல. சராசரிக் காது ஒன்றை மனதில் வைத்துச் சாப்ட்வேர் போட்ட கணக்கு. தொழிற்சாலையில் ஹியரிங் எய்டைச் சோதிக்க, 2 கன சென்டிமீட்டர் அளவுள்ள உலோகக் குழிவு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். காதில் மாட்டியபின் மிஷினுக்கும் செவிப்பறைக்கும் இடையே இருக்கும் இடம் அதைவிடச் சிறியது. ஆளுக்கு ஆள் மாறுவது. இடம் சிறியதாக இருந்தால் அதே மிஷின் அதிகச் சத்தம் தரும். குழந்தைகளின் காதில் இந்த வித்தியாசம் மிகவும் அதிகம். காதில் வைக்கும் அச்சில் காற்று போக ஓட்டை இருந்தாலோ, அச்சு லூசாக இருந்தாலோ தடித்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும். ஸ்கிரீனில் உள்ள கோட்டுக்கு இதெல்லாம் முழுமையாகத் தெரியாது.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்பதை எப்படி அறிவது? நேரடியாகக் காதுக்குள் அளக்க வேண்டும். இதற்கு 'ரியல் இயர் மெஷர்மென்ட்' என்று பெயர். நூல் போன்ற மெல்லிய சிலிக்கான் குழாயைச் செவிப்பறைக்கு அருகில் வரை வைப்பார்கள். அதன் மறுமுனையில் மைக்ரோபோன் இருக்கும். பிறகு ஹியரிங் எய்டை மாட்டி, எதிரே உள்ள ஸ்பீக்கரில் பேச்சு போன்ற ஒலியை மெதுவாக, சாதாரணமாக, பலமாக என்று மூன்று அளவுகளில் ஒலிக்கச் செய்வார்கள். செவிப்பறை அருகே விழும் சத்தம் கோடாக ஸ்கிரீனில் வரும். இலக்குக் கோட்டிலிருந்து சுமார் 5 டெசிபல் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் அமைப்பை மாற்றிவிட்டு மீண்டும் அளப்பார்கள். வலி கிடையாது. ஓரிரு காதுகளுக்கு அரை மணி நேரம் போதும்.

இதற்குப் பயன்படும் ஒலிகளில் ஒன்று 'இன்டர்நேஷனல் ஸ்பீச் டெஸ்ட் சிக்னல்'. அரபி, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய 6 மொழிகளில் 6 பெண்கள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. பேச்சு போலவே இருக்கும். ஒரு வார்த்தையும் புரியாது. தமிழ் அதில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று, சிங்களம், ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி உட்பட 12 மொழிகளின் பேச்சை அளந்து பார்த்தது. நீண்ட நேரச் சராசரியில் மொழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. அளப்பதற்கு எந்த மொழியும் போதும். புரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் நம் மொழி வேண்டும்.

இப்படி அளப்பது தேவைதானா? 2007-ல் ஹஷிர் ஆஸ், பிரையன் மூர் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் செய்த ஆய்வு வெளியானது. பர்ஸ்ட் பிட் செய்த மிஷின்களைக் காதுக்குள் அளந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஏதாவது ஓர் ஒலிப்பகுதியிலாவது இலக்கிலிருந்து 10 டெசிபலுக்கு மேல் விலகியிருந்தன. அளந்து திருத்தியபின் பெரும்பாலானவை சரியாகிவிட்டன.

சாப்ட்வேர் சோதனையில் இரண்டு கேள்விகள் கேட்போம். சொன்னபடி செய்திருக்கிறோமா? செய்தது பயன்படுத்துபவருக்கு உதவுகிறதா? ஹியரிங் எய்டுக்கும் இவை இரண்டும் பொருந்தும். காதுக்குள் அளப்பது முதல் கேள்விக்கு விடை தரும். இரண்டாவது கேள்விக்கு விடை வீட்டில்தான் கிடைக்கும். அதற்கு உங்கள் கம்ப்யூட்டர் உதவும்.

சோதனை 1: ஆறு ஒலிகள்

இதற்குக் கம்ப்யூட்டரும் தேவையில்லை. டேனியல் லிங் என்பவர் வகுத்த இந்த முறையை, காது கேளாத குழந்தைகளின் பள்ளிகளில் தினமும் காலையில் செய்கிறார்கள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள். மிஷின் மாட்டியவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் 1 மீட்டர் தூரத்தில், பிறகு 3 மீட்டர் தூரத்தில் செய்யுங்கள். அவர் உங்கள் உதட்டைப் பார்க்கக் கூடாது. அதற்காக வாயைக் கையால் மூடாதீர்கள். கூர்மையான ஒலிகள் அமுங்கிவிடும். அவருக்குப் பின்புறமாக நின்று சொல்வதே நல்லது.

'ம்' கேட்காவிட்டால் தடித்த ஒலிப்பகுதியில் குறை இருக்கலாம். 'ஸ்', 'ஷ்' கேட்காவிட்டால் கூர்மையான பகுதியில் மிஷின் போதிய அளவு தரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சோதனை 2: சொற்பட்டியல்

முதலில் எக்ஸெல் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஏ வரிசையில் கீழே உள்ள 25 சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்.

கடை, தடை, படை, நடை, சடை
கட்டி, தட்டி, சட்டி, பட்டி, வட்டி
காடு, நாடு, மாடு, பாடு, ஆடு
தலை, மலை, வலை, கலை, அலை
காசி, மாசி, ராசி, பாசி, வாசி

ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து ஒன்றுதான் மாறுகிறது, மற்றவை ஒன்றே. எனவே ஊகித்துத் தப்பிக்க முடியாது.

அடுத்து, பி1 கட்டத்தில் சமம் குறி போட்டு, ஆங்கிலத்தில் ராண்ட் என்ற பங்ஷனை டைப் செய்து, அடைப்புக் குறிகளைத் திறந்து மூடி என்டர் தட்டுங்கள். 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் வரும். கட்டத்தின் மூலையைப் பிடித்து பி25 வரை இழுங்கள். இப்போது இரண்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் சென்று, பி வரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். சொற்கள் கலைந்துவிடும். எண்கள் தாமாகவே மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தப் பங்ஷனின் இயல்பே அதுதான். கலைந்த சொற்களை வேறு ஷீட்டில் காப்பி செய்துகொள்ளுங்கள். இதுபோல் மூன்று முறை கலைத்து மூன்று பட்டியல்கள் தயார் செய்யுங்கள்.

அடுத்த வேலை ரெக்கார்டிங். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் பகுதிக்குச் சென்று, மைக்ரோபோனுக்கான 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'ஸ்' ஒலியை இரைச்சல் என்று நினைத்துக் கம்ப்யூட்டரே நீக்கிவிடலாம்! பேனை நிறுத்திவிட்டுச் சிவப்பு வட்டப் பட்டனைக் கிளிக் செய்து, ஒரு சொல், ஐந்து நொடி இடைவெளி, அடுத்த சொல் என்று ஒரே குரலில் வாசியுங்கள். அவருக்குப் பழக்கமான வீட்டுக் குரலாக இருக்கட்டும். முடிந்ததும் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று, எம்.பி.3 ஆக இல்லாமல் வேவ் பைலாகச் சேமியுங்கள். பைலின் அளவைச் சுருக்கும்போது எம்.பி.3 கூர்மையான ஒலிகளில் கை வைத்துவிடக்கூடும்.

இனி சோதனை. ஸ்பீக்கரை அவரிடமிருந்து 1 மீட்டர் தூரத்தில் வையுங்கள். சாதாரணப் பேச்சு அளவுக்கு வால்யூம் வைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மாற்றக் கூடாது. முதல் பட்டியலை மிஷின் இல்லாமல் கேட்கட்டும். இரண்டாவதை மிஷினோடு. மூன்றாவதை மிஷினோடு, பேனும் டி.வி.யும் ஓடும்போது. அவர் சொன்ன சொல்லை அப்படியே அடுத்த வரிசையில் டைப் செய்யுங்கள். சரியென்றால் 1, தவறென்றால் 0. கடைசியில் சம் பங்ஷன் கூட்டிக் கொடுத்துவிடும்.

மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

25 சொல் என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டு மூன்று சொல் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். இரண்டு சோதனைகளுக்கு இடையே சுமார் 7 சொல் வித்தியாசம் இருந்தால்தான் உறுதியாக மாற்றம் என்று சொல்லலாம்.

பெரியப்பா மிஷின் இல்லாமல் 10 சொற்கள் சரியாகச் சொன்னார். மிஷினோடு 11. அதாவது, அத்தனை ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் பேச்சைப் புரிந்துகொள்ள ஒன்றும் செய்யவில்லை. மொத்த மதிப்பெண்ணைவிடத் தவறுகளின் பட்டியல்தான் அதிகம் சொன்னது. 'சட்டி' என்றால் 'கட்டி', 'காசி' என்றால் 'வாசி'. உயிரெழுத்து ஒன்றிலும் தவறு இல்லை. எல்லாம் முதல் மெய்யெழுத்தில்தான்.

இது ஏன் என்று கண்ணால் காண விரும்பினால், ஆடாசிட்டியில் 'ம்ம்ம்' என்றும் 'ஸ்ஸ்ஸ்' என்றும் ரெக்கார்டு செய்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' கிளிக் செய்யுங்கள். 'ம்' இடப்பக்கம் மலையாக எழுந்திருக்கும். 'ஸ்' 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் வலப்பக்கம் எழும். அதன் பக்கத்தில் அவருடைய ஆடியோகிராமை வைத்துப் பார்த்தால், எது விழுகிறது, எது நழுவுகிறது என்பது தெளிவாகும்.

சோதனை 3: ஐந்து இடங்கள்

சொற்பட்டியல் மட்டும் வாழ்க்கை ஆகாது. ஆஸ்திரேலியாவின் அதே ஆய்வகம் 1997-ல் வெளியிட்ட காசி என்ற முறை மிக எளியது. (நம் பட்டியலில் உள்ள காசி வேறு, இது வேறு!) எங்கெங்கே கேட்க விரும்புகிறீர்கள் என்று மிஷின் மாட்டுபவரையே கேட்டு, ஐந்து இடங்கள் வரை எழுதிக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் கழித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு முன்னேற்றம், இப்போது எவ்வளவு நேரம் புரிகிறது என்று குறிக்க வேண்டும். பெரியப்பா சொன்னவை: மகளின் போன், டீக்கடைப் பேச்சு, பேத்தி பள்ளிக்கதை சொல்வது, டி.வி. செய்தி, பஸ் கண்டக்டர்.

இன்னொன்று, 2002-ல் வெளியான ஐ.ஓ.ஐ.-எச்.ஏ. என்ற ஏழு கேள்விப் பட்டியல். தினமும் எத்தனை மணி நேரம் மாட்டுகிறார், எவ்வளவு உதவுகிறது, இன்னும் என்ன சிரமம், வாங்கியது வீண் இல்லை என்று நினைக்கிறாரா, மற்றவர்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்பது போன்ற கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். இவற்றை எக்ஸெலில் வாராவாரம் குறித்து வந்தாலே நல்ல ரிக்கார்டு ஆகிவிடும்.

என்னதான் நடந்திருந்தது?

இந்த ஷீட்டுகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெரியப்பாவைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றேன், காதுக்குள் அளக்கும் வசதி உள்ள ஓர் ஆடியாலஜிஸ்ட்டிடம். அவர் முதலில் மிஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, உள்ளே பதிவாகியிருந்த உபயோக நேரத்தைப் பார்த்தார். டிஜிட்டல் மிஷின்கள் பலவற்றில் இந்தப் பதிவு உண்டு. ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்கூட இல்லை. பிறகு குழாய் வைத்து அளந்தார். 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு இலக்கோடு ஒட்டிப் போனது. 3000, 4000 ஹெர்ட்ஸில் 15 டெசிபலுக்கு மேல் கீழே விழுந்திருந்தது.

காரணத்தைப் பெரியப்பாவே சொன்னார். வாங்கிய முதல் வாரம், தட்டு வைக்கும் சத்தமும் பேப்பர் கசங்கும் சத்தமும் 'கிணீர் கிணீர்' என்று இருக்கிறது என்று கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்களும் கூர்மையான ஒலிகளைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு நிம்மதி. ஆனால் எந்த ஒலிகளுக்காக மிஷின் வாங்கினாரோ அவையே போய்விட்டன. பல வருடங்களாகக் கேட்காத ஒலிகள் திடீரென்று திரும்பி வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். முதலில் கொஞ்சம் குறைத்து வைத்துச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை. குறைத்தவர்கள் மறுபடி கூட்டவில்லை. பெரியப்பாவும் மறுபடி போகவில்லை.

மூன்று தடவை போய் வந்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி, மீண்டும் அளந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே சொற்களைப் புதிதாகக் கலைத்துச் சோதித்தபோது 25-க்கு 18. டி.வி. ஓடும்போது 13. கண்டக்டர் பேசுவது இன்னும் விளங்குவதில்லை. கூட்டத்தில் மிஷினைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஆனால் மகளின் போனை இப்போது அவரே எடுக்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மிஷின் வாங்கும் முன்போ, வாங்கிய இடத்துக்குத் திரும்பச் செல்லும்போதோ கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா? 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பதிவு அவசியம்.
2. எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறீர்கள்?
3. குழாய் வைத்துக் காதுக்குள் அளப்பீர்களா? அளந்த வரைபடத்தின் பிரிண்ட் கிடைக்குமா?
4. விலைக்குள் எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள்?
5. ஏதாவது ஒலியைக் குறைத்தால், எப்போது மீண்டும் கூட்டுவீர்கள்?

மத்திய அரசின் அடிப் திட்டத்தில் மிஷின் பெற்றவர்களுக்கும் இவை பொருந்தும். இலவசமாக வந்தது என்பதற்காகப் பொருத்தத்தைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

எச்சரிக்கை

வீட்டுச் சோதனை வழிகாட்டிதானே தவிர மருத்துவப் பரிசோதனை ஆகாது. மதிப்பெண் குறைந்தால் முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். ரிசீவரில் காது அழுக்கு அடைத்திருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனாலோ, காதில் சீழ், வலி, தலைச்சுற்றல் இருந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் செல்லுங்கள். பொருத்தும் சாப்ட்வேரை எங்கிருந்தோ டவுன்லோட் செய்து நீங்களே மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். அளவுக்கு மீறிக் கூட்டினால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு அறிக்கைப்படி, ஹியரிங் எய்ட் தேவைப்படுவோரில் சுமார் 17 சதவீதத்தினரே அதைப் பயன்படுத்துகின்றனர். அந்தச் சிலரிலும் ஒருவருடைய மிஷின் பீரோவுக்குள் கிடந்தால், அதை வெளியே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு ஸ்பீக்கர், 25 சொற்கள் போதும். வரும் மதிப்பெண்ணை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆடியாலஜிஸ்ட்டிடம் செல்லுங்கள். "சரியா கேக்கலை" என்று மட்டும் சொல்வதைவிட, "சட்டி என்றால் கட்டி என்கிறார்" என்று சொன்னால் அவருக்கும் வேலை எளிதாகும்.